இருபத்துநாலு கிலோவுக்கு ஒரு மன்றாட்டு

குருநகர்த் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு நாற்பத்தெட்டுப் படிகள். ஜெனிஸ்ரன் அதை எண்ணத் தொடங்கியது ஆவணி மாதத்தில்தான். அதற்கு முன்னர் எண்ணாமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். எண்ணுகிற ஆளுக்குத்தான் மூச்சு வாங்கும் என்பது அவனுடைய கட்சி.

ஆள் ஆறடி. வயது முப்பத்தொன்று. படகு எஞ்சின் திருத்துகிறவன். கைத்தொழில்காரரைக் கூப்பிடுகிற மாதிரி, கரையில் அவனை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் அது தன் வருத்தத்தைத் தானே சொல்லிவிடும் என்று அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. பதினைந்து குதிரைவலு எஞ்சினைத் தனியாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் படகில் பூட்டுவான். ஆகையால் அவனுடைய நூற்றிருபத்தொரு கிலோவை ஊரில் ஒருவரும் பருமன் என்று சொன்னதில்லை. வாட்டசாட்டம் என்றார்கள். அவனும் அதை நம்பினான். நம்புவதற்கு வசதியான சொல் அது.

ஆவணியில் அந்தச் சொல் ஒரு டொக்ரரின் மேசையில் செத்துப்போனது.

அவனுடைய அக்கா யோசப்பினுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவுகிறார்கள். யாராவது ஒன்று கொடுத்தால் தப்பலாம். அம்மா பெர்னடெட்டுக்குச் சீனி வருத்தம், அவவிடம் எடுக்க மாட்டார்கள். அத்தானின் இரத்தவகை ஒத்துவரவில்லை. மிஞ்சியது ஜெனிஸ்ரன். ஊசி குத்தி, படம் பிடித்து, போத்தலில் பிடித்துக்கொடுக்கச் சொன்னதையெல்லாம் பிடித்துக்கொடுத்து, கடைசியில் டொக்ரர் இரண்டு வசனம் சொன்னார். முதலாவது, இவருடையது அக்காவுக்குப் பொருந்துகிறது. இரண்டாவது, நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் இவரை மேசையில் படுத்துவோம். உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் வரவேண்டும், அதற்கு மேல் அக்காவின் உடம்பு தாங்குமோ தெரியாது.

தாயும் மகனும் முதல் வசனத்தை மட்டும் ஓட்டோவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவதை ஏன் விட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பிள்ளையின் உடம்பைப் பற்றி ஊருக்குள் கதைத்தால் கண்பட்டுவிடும் என்று அம்மா நினைத்தா. தானே சத்தமில்லாமல் குறைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்கலாம் என்று அவன் நினைத்தான். இருபத்தொரு கிலோதானே, ஒரு எஞ்சினில் பாதிகூட வராது.

முதல் வசனம் ஒரு பின்னேரத்துக்குள் குருநகர் முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் காலை லூர்த்தம்மா படியேறி வந்தா. லூர்த்தம்மா அந்தப் பகுதி அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்றால் கோயிலைச் சுற்றியுள்ள முப்பது வீடு சேர்ந்து செபிக்கிற கூட்டம்; செபிக்காத நேரத்தில் ஒருவர் வீட்டுச் சட்டிக்குள் மற்றவர் எட்டிப்பார்க்கிற கூட்டமும் அதுதான். ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கப்போகிற பிள்ளைக்கு உடம்பில் பலம் வேண்டும், இரத்தம் வேண்டும், அதை ஒரு தாய் தனியாகச் செய்ய ஏலாது என்பது அவவின் தீர்ப்பு. பழைய கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் வீடுகளின் பெயரைக் கிழமை வாரியாக எழுதிக்கொண்டே வந்திருந்தா. ஜெனிஸ்ரன் மெதுவாக வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தான். அவ அவனுடைய புயத்தைப் பிடித்து அமத்திப் பார்த்தா, சந்தையில் மீன் அமத்துகிற மாதிரி.

"உன்ரை உடம்பு இப்ப உன்ரை இல்லை மோனை. அது எங்கடை."

அன்றைக்கே சாப்பாடு படியேறத் தொடங்கியது. திங்கட்கிழமை நண்டுக்கறியும் குத்தரிசிச் சோறும். செவ்வாய் என்றால் அந்தோனியார் கோயிலில் நேர்த்திக்குக் கொடுக்கிற இனிப்பு ரொட்டி, பணிஸ். அதை வேண்டாம் என்று சொன்னால் அந்தோனியாரையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அதோடு ஒரு வீட்டிலிருந்து கணவாய்ப் பிரட்டல், இன்னொரு வீட்டிலிருந்து ஒடியல் கூழ் ஒரு சருவச்சட்டி நிறைய. லூர்த்தம்மா வீட்டுச் சுறாப்புட்டு ஊரில் பேர்போனது, அது கிழமைக்கு இரண்டு முறை. இதெல்லாம் மேலதிகம். அம்மாவின் மூன்று நேரச் சமையல் அதன் பாட்டில் நடந்தது. அம்மா அவன் சாப்பிட்டு முடியுமட்டும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பா. சோற்றுக் கோப்பையில் இடம் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு கரண்டி விழும்.

அவன் முயற்சி செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. காலை ஐந்து மணிக்கு எழும்பிக் கடற்கரை வீதியால் நடக்கப் பார்த்தான். அதில் என்ன சிக்கல் என்றால், குருநகரில் அந்த நேரத்துக்கு ஒருவரும் சும்மா நடக்கிறதில்லை. கடலுக்குப் போகிறவன் போகிறான், கடலால் வருகிறவன் வருகிறான், பூசைக்குப் போகிறவர்கள் போகிறார்கள். வெறுங்கையோடு வேகமாக நடக்கிற ஒரு பெரிய ஆளைக் கண்டால் எங்கேயோ அவசரம் என்றுதான் அர்த்தம். முதல் நாள் நூறு யார் தூரம் போவதற்குள் ஒரு மோட்டச்சைக்கிள் பக்கத்தில் நின்றது. எங்கே பாஸ் போறியள், ஏறுங்கோ. உடம்பு குறைக்கப் போகிறேன் என்று சொல்ல ஏலாதே, இரண்டாவது வசனம் வெளியே வந்துவிடும். கோயிலுக்கு என்றான். கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டார்கள். அப்படியே நாலு நாள். நாலு நாளும் முழுப் பூசை. பெரிய காரியம் செய்யப்போகிற பிள்ளை தினமும் காலையில் வந்து செபிக்கிறான் என்று சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக் கண் கலங்கிய இரண்டு வீடு கலண்டரில் இல்லாமலே சாப்பாடு அனுப்பியது.

நாற்பது நாள் உபவாசம் இருந்த இயேசுவுக்கு ஒரு வனாந்தரம் கிடைத்தது. ஜெனிஸ்ரனுக்குக் கிடைத்தது குருநகர்.

சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கே நின்ற நாய்க்குப் போட்டான். பிஸ்ரன் என்று அந்த நாய்க்குப் பேர். புரட்டாதி பிறக்கமுன்னர் பிஸ்ரன் படுத்தால் எழும்ப யோசிக்கிற நிலைக்கு வந்தது. பாவம், அதற்கு ஒரு டொக்ரரும் இரண்டாவது வசனம் சொல்லியிருக்கவில்லை.

பிறகுதான் அவனுக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஏதாவது கொஞ்சம் போட்டுத்தான் கொடுப்பார்கள். ஜெனிஸ்ரன் அந்த வழக்கத்துக்குள் ஒரு வழி கண்டுபிடித்தான். திங்கட்கிழமை நண்டைச் செவ்வாய்க்கிழமைக்காரியின் சட்டியில் போட்டுக் கொடுத்தான். செவ்வாய்க்கிழமைக் கணவாய் புதன்கிழமைக்காரியின் கரியருக்குள் போனது. அம்மா எழும்பமுன்னர் எல்லாவற்றையும் மாற்றி அடைத்துவிடுவான். இரண்டு கிழமை நன்றாகத்தான் ஓடியது. ஊர் தன் சாப்பாட்டைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய இடுப்புப்பட்டி ஒரு ஓட்டை உள்ளே வந்தது. ஆனால் சுறாப்புட்டு நாலு வீடு சுற்றி, வேறு ஒருத்தியின் சட்டியில் ஏறி, லூர்த்தம்மாவின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. தன் கை பிசைந்த புட்டை ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

ஏசப்போகிறா என்று பார்த்தான். ஏசவில்லை. அதுதான் வினை. பிள்ளைக்கு ஒப்பரேசன் பயத்தில் வயிறு மூடிவிட்டது என்று அவ முடிவெடுத்தா. அதற்குப் பிறகு சாப்பாட்டோடு ஆளும் வந்து இருந்தது. காலை ஆறு மணிக்கு லூர்த்தம்மாவே ஒரு தம்ளர் முட்டைக்கோப்பியோடு கதவடியில் நிற்பா. குடித்து முடிந்து தம்ளர் கவிழுமட்டும் போகமாட்டா. பின்னால் சுவர், முன்னால் லூர்த்தம்மா, கையில் முட்டைக்கோப்பி. மூன்றாம் மாடியில் யன்னலால் குதிக்கவும் ஏலாது.

புரட்டாதிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் நிறுத்தார்கள். நூற்றிருபத்துநாலு.

அங்கே சீலா என்று ஒரு ஊட்டச்சத்து அலுவலர். மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவ, அமைதியான ஆள், ஒருவரையும் ஏசத் தெரியாத குரல். ஏசியிருந்தாலும் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. அவ தராசை இன்னொருமுறை பார்த்துவிட்டுக் கதிரையை அவனுக்குக் கிட்ட இழுத்தா. பட்டினி கிடக்க வேண்டாம், பட்டினி கிடக்கிறவன் பின்னேரம் இரண்டு மடங்காகச் சாப்பிடுவான் என்றா. கோப்பையைச் சின்னதாக்கி அதில் அரைவாசி மரக்கறி, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, நாளுக்கு முக்கால் மணித்தியாலம் நடை, நேரத்துக்கு நித்திரை. கிழமைக்கு ஒரு கிலோ போனால் போதும். எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டா, இதைத் தனிய ஒருத்தராலை செய்ய ஏலாது, வீட்டிலை உமக்கு உதவிக்கு ஆர் இருக்கினம் என்று.

"உதவிக்கு ஊரே இருக்கு மிஸ்," என்றான் ஜெனிஸ்ரன். "அதுதான் இப்ப பிரச்சினை."

சீலா மிஸ் சிரிக்கவில்லை. அடுத்த மாதமும் கூடினால் டொக்ரர் அவனுடைய பெயரை ஒப்பரேசன் பட்டியலில் பின்னுக்குப் போடவேண்டி வரும் என்று மட்டும் சொன்னா.

கீழே இரத்தம் கழுவுகிற பகுதியில் அக்கா படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு குழாய், ஒன்றில் போகிறது, மற்றதில் வருகிறது. நாலு மணித்தியாலம் அசைய ஏலாது. ஜெனிஸ்ரன் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தான். காத்திருக்கிற நேரத்தில் பிள்ளை பசி கிடக்கக்கூடாது என்று அம்மா கொடுத்துவிட்ட கரியர் மடியில் இருந்தது. யோசப்பின் கண்ணை மூடிக்கொண்டே அதில் என்ன என்று கேட்டாள். திருக்கைக் கறி என்றான்.

"மூடியைத் திற. மணந்து பாக்கிறன்."

திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தான். அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். போதும் மூடு என்றாள். அவளுக்கு உப்பு ஆகாது, மரக்கறியை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சாப்பிடவேண்டும், ஒரு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் ஒரு சின்னப் பேணியில் நாலு தரம். வெயில் காலத்தில் ஐஸ்கட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டு வைத்திருப்பாள். கருவாட்டுக் குழம்பை ஒரே மூச்சில் உறிஞ்சுகிற பெட்டை, அவனுடைய பங்கையும் களவாக எடுத்துத் தின்றுவிட்டுப் பூனை என்று சொன்னவள்.

அவன் கரியரைக் கதிரைக்குக் கீழே தள்ளினான். அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள். எத்தனை என்று கேட்டாள். நூற்றிருபத்துநாலு என்றான். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஊரைக் குற்றம் சொன்னான், முட்டைக்கோப்பியைச் சொன்னான், ஏனங்களின் கதையைச் சொன்னான். சுறாப்புட்டு திரும்பிப் போன இடத்தில் அவள் குழாயோடு குலுங்கிச் சிரித்ததில் தாதி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனா. சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"பயமோடா?"

இதைத்தான் அவன் இரவில் தனியாகக்கூட நினைக்காமல் விட்டிருந்தான். நூறுக்குக் கீழே வந்தால் வெட்டுவார்கள். வராவிட்டால் வெட்டமாட்டார்கள். வராமல் போனால் அவன்மேல் ஒரு பிழையும் இல்லை; ஊர்தானே ஊட்டியது. அப்படி ஒரு கதவு திறந்துகிடந்தது. அந்தக் கதவு அக்காவுக்கு மேலே மூடுகிற கதவு என்று தெரிந்துகொண்டே அவன் அதன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பயமெண்டால் சொல்லு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன், உண்மையா. ஆனால் வாயைத் திறந்து சொல்லு. சாப்பிட்டுச் சொல்லாதை."

"பயம்தான்," என்றான். "குடுக்க விருப்பம். பயமும்தான்."

"எனக்கும் பயம். ரெண்டு பேருக்கும் பயமெண்டால் சரி."

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். முதல் மூன்று மாதமும் அவள் குளியலறைக் குழாயில் களவாகத் தண்ணீர் குடித்தாளாம். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் மூச்சு முட்டி விழுந்தபிறகுதான் வீட்டில் சொன்னாள். அதற்குப் பிறகு மகள் லவீனா காவல். ஒன்பது வயசு, பொலிஸ்காரி மாதிரிப் பேணியைக் கணக்குப் பார்ப்பாள். தாகம் வந்தால் இன்றைக்கு மட்டும் என்று நினைக்கவேண்டும், நாளையைப் பற்றி நினைத்தால் தோற்றுவிடுவாய். ஆரோடாவது கதைத்துக்கொண்டு இரு, தனியே இருந்தால் பேணிதான் உன்னோடு கதைக்கும். இப்படி ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, அம்மாவில் நின்றாள்.

"அம்மா எனக்குப் போடேலாத சாப்பாட்டையும் சேத்து உனக்குப் போடுறா. அதை விளங்கிக்கொள். அவவை ஏசாதை. ஆனால் சனத்துக்கு நீங்கள் பாதிதானே சொன்னியள்? அதுகள் அந்தப் பாதிக்குச் சமைக்குதுகள். மிச்சத்தையும் சொல்லு."

சொல்லு என்றால் எப்படி? ஒவ்வொரு வீடாகப் போய், உங்கள் நண்டால்தான் என் அக்கா சாகப்போகிறாள் என்று சொல்ல ஏலுமா? லூர்த்தம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினான். அவ வசனம் முடியமுன்னர் புட்டை நீட்டினா. அம்மாவுக்குச் சொன்னான், டொக்ரர்மார் அப்படித்தான் சொல்லுவினம், உடம்பிலை ஒண்டும் இல்லாமல் வெட்டக் குடுத்திட்டு நான் ரெண்டு பிள்ளையையும் இழக்கட்டோ என்று அழத் தொடங்கினா. அவன் வாயை மூடிக்கொண்டான். மூடின வாய்க்குள் சாப்பாடு போகாது என்று நினைக்காதீர்கள். போனது.

ஐப்பசி செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீடாகப் போகும். மூன்றாம் கிழமை அவர்களுடைய வீட்டு முறை வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க அம்மா காலையிலிருந்து இருநூறு றோல்ஸ் சுருட்டினா. ஆறரை மணிக்குச் சனம் வந்து அந்தச் சின்ன அறையை நிரப்பி, விறாந்தையை நிரப்பி, படிகளிலும் இருந்தது. யோசப்பினை அத்தானும் இன்னும் மூன்று பேரும் பிளாஸ்ரிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு நாற்பத்தெட்டுப் படியும் ஏறினார்கள். ஜெனிஸ்ரனுக்குக் கிடைத்த இடம் அலுமாரிக்கும் மாதா இருந்த மேசைக்கும் நடுவில். வலது பக்கம் அலுமாரி, இடது பக்கம் மெழுகுதிரி, முன்னால் முழங்காலில் முப்பது வீடு. கையைத் தூக்கவும் இடமில்லை.

செபமாலை முடிந்தபின் மன்றாட்டுகள். விரும்பியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தேவையைச் சத்தமாகச் சொல்லுவார்கள். சொல்லி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லுவார்கள். வருசக்கணக்காகச் சொன்ன பதில் என்றபடியால் அது வாயிலிருந்து தானாக வரும். கனடாவில் விசா கிடைக்காமல் இருக்கிற மகனுக்காக ஒருத்தி மன்றாடினாள். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே. காற்று நின்று கடல் தொழிலுக்கு வழிவிடவேண்டும் என்று ஒருவர். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே. லூர்த்தம்மா தன் முறைக்கு, ஜெனிஸ்ரன் பிள்ளையின் உடம்புக்கு நல்ல பலத்தைக் கொடுக்கும்படி மன்றாடினா. அதற்கும் கேட்டருளினார்கள், மற்றதுகளைவிடச் சத்தமாக.

அந்தச் சத்தம் அடங்கியபோது தன் குரல் கிளம்புகிறதை ஜெனிஸ்ரனே வேறு யாரோ கதைக்கிற மாதிரிக் கேட்டான்.

"உயிர்த்த ஞாயிறுக்கு முதல் எனக்கு இருபத்துநாலு கிலோ குறைய வேணும். குறையாட்டில் என்ரை சிறுநீரகத்தை அக்காவுக்கு எடுக்கமாட்டினம். டொக்ரர் அண்டைக்கே சொன்னவர், நாங்கள்தான் உங்களுக்குச் சொல்லேல்லை. ஆனபடியால் இந்த வீட்டுக்கு இனி ஒருவரும் சாப்பாடு கொண்டுவராதிருக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே," என்றது முப்பது வீடும்.

சொல்லி முடிந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. படியில் இருந்த யாரோ என்னவாம் என்று கேட்டார்கள். லூர்த்தம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. திருப்பி எடுக்கவும் ஏலாது. மாதாவுக்கு முன்னால் எரிகிற மெழுகுதிரி சாட்சியாக அவவின் வாய்தான் எல்லாருக்கும் மேலாகக் கேட்டருளியிருந்தது.

ஜெனிஸ்ரன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை.

"எனக்குப் பயமாயும் இருக்கு," என்றான். அதற்குமேல் வசனம் வரவில்லை. மன்றாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும், முடிவு இல்லாமல் சனத்துக்குப் பதில் சொல்லத் தெரியாது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்ரிக் கதிரையிலிருந்து யோசப்பின் மெல்லிய குரலில் முடித்துவைத்தாள்.

"அந்தப் பயத்தோடு அவன் தனிய இருக்காதபடி, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

இந்த முறை பதில் தானாக வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொருவராகத்தான் வந்தது. ஒருவர் மட்டும் இரண்டு தடவையும் பதில் சொல்லவில்லை. பெர்னடெட் குசினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு உள்ளே போய் றோல்ஸ் தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தா. தட்டம் எல்லாரிடமும் போனது. ஜெனிஸ்ரனிடம் வந்தபோது ஒருத்தி பழக்கத்தில் இரண்டை எடுத்து நீட்டப்போக, லூர்த்தம்மா அவளுடைய கையில் நுள்ளினா.

லூர்த்தம்மா ஒரு காரியத்தைப் பிழையாகச் செய்தாலும் முழுதாகச் செய்கிற ஆள். சரியாகச் செய்தாலும் அப்படித்தான். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. கையில் முட்டைக்கோப்பி இல்லை. அதே கலண்டர்; வீடுகளும் அதே வீடுகள்; சாப்பாடு என்று எழுதியிருந்த இடத்தை வெட்டிவிட்டு நடை என்று எழுதியிருந்தது. இன்றைக்கு நானும் திங்கட்கிழமைக்காரியும், கீழே வா என்றா. தொடர்மாடியிலிருந்து பாசையூர் வரை போய்த் திரும்ப ஒரு செபமாலை. ஐம்பத்துமூன்று அருள்நிறை மரியாயே முடியுமட்டும் நிற்க ஏலாது. இடையில் மூச்சு வாங்குது என்று நின்றால், மாதாவைப் பாதிவழியில் விடுவியோ என்று கேட்பார்கள். மோட்டச்சைக்கிள்காரர் இப்போது கிட்ட வந்து ஏறச் சொல்லுவதில்லை. நடவுங்கோ பாஸ், நடவுங்கோ என்று சொல்லிக்கொண்டு ஹோர்னை அடித்துவிட்டுப் போனார்கள். தேத்தண்ணிக் கடைக்காரன் கேளாமலே சீனி போடாத தேத்தண்ணியை நீட்டினான். ஒரு நாள் ஆசையில் சுன்னாகத்துக்குச் சாமான் வாங்கப் போன சாட்டில், பஸ்நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கொத்துரொட்டிக்குச் சொன்னான். அங்கேயும் குருநகர் ஆள் ஒருவர் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜெனிஸ்ரன் கொத்துரொட்டியை அந்த ஆளுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான்.

முன்னர் சாப்பாட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தான். இப்போது சாப்பாட்டுக்கு வெளியே அடைபட்டுக் கிடந்தான். காவல்காரர் அதே ஆட்கள்தான்.

மத்தியானத்தில் அதே தொடர்மாடியில் கீழே இருந்த அக்கா வீட்டுக்குப் போய் அவளோடு இருந்து சாப்பிட்டான். உப்பில்லாமல் அவித்த புடலங்காய். அதைச் சாப்பிட்ட முதல் நாள் அவன் முகம் போன போக்கைப் பார்த்து லவீனா தன் கொப்பியில் படம் வரைந்து வைத்துக்கொண்டாள். பசி எடுக்கும். அப்போதெல்லாம் அக்கா கதை கேட்பாள்: எந்தப் படகு, எந்த எஞ்சின், என்ன வருத்தம். அவன் பிளக்கிலிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவான். அரை மணித்தியாலத்தில் பசி சலித்துப்போய் எழும்பிப் போய்விடும்.

அம்மாதான் மாறவில்லை. அவனோடு கோபமும் இல்லை, கதையும் இல்லை. இரவானால் பழையபடி ஆறு இடியப்பம், சொதி, மீன்குழம்பு கோப்பையில் வைத்துவிட்டு எதிரே நிற்பா. அவன் இரண்டைச் சாப்பிட்டு நாலை மிச்சம் விடுவான். அவ நாலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போவா. கன நேரம் வெளியே வரமாட்டா. ஏசாதை என்று அக்கா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஏசவில்லை. சில நாள் மூன்று சாப்பிட்டான்.

கார்த்திகைக் கடைசியில் நிறுத்தார்கள். நூற்றுப் பதினெட்டரை. சீலா மிஸ் முதல்முறையாகச் சிரித்தா. பெயர் பட்டியலில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்றா. ஜெனிஸ்ரனுக்கு மற்றக் கணக்குத்தான் தெரிந்தது: இன்னும் பதினெட்டரைக்கு மேலே, நாலு மாதம்தான். அக்காவின் கால் இந்தக் கிழமை வீங்கியிருந்தது. நாற்பத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏறி வந்து, அம்மாவிடம் கிலோக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

வந்து பார்த்தபோது மேசையில் அவனுடைய கோப்பை இல்லை. இரண்டு பீரிசு இருந்தது, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிசு. ஒவ்வொன்றிலும் இரண்டு இடியப்பம், அதற்குப் பக்கத்தில் முருங்கையிலை வறை மலை மாதிரி. ஒன்று அவனுக்கு. மற்றதுக்கு முன்னால் அம்மா இருந்தா. அவன் சாப்பிடும்போது அம்மா கதிரையில் இருந்து அவன் கண்டதே இல்லை. சீனி வருத்தக்காரி, டொக்ரர் ஏழு வருசமாக இதைத்தான் அவவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அவன் பீரிசைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவ தன்னுடைய இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, ஏதோ கடனுக்குச் சொல்லுகிற மாதிரி, வாய்க்குள்ளே சொன்னா.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே."

ஒரு மாதமும் நாலு நாளும் பிந்தி வந்த பதில். அதற்குப் பிறகு, பார்த்துக்கொண்டிராமல் சாப்பிடு, நாளைக்கு நானும் நடக்க வாறன், கால்நோ எண்டு சொன்னால் லூர்த்தம்மா விடுவாவோ என்று கேட்டா. விடமாட்டா அம்மா என்றான்.

விடிய ஐந்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. வெளியே மழைத் தூறல். ஜெனிஸ்ரன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, இன்றைக்கு மட்டும் நான் வீட்டில் இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களோ என்று பார்த்தான். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றா. கீழே குடைகளோடு நாலு பேர். குசினியில் ஒன்றுமில்லை, யன்னலுக்கு வெளியே மூன்று மாடி.

எழும்பினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அம்மா வாய்க்குள் எண்ண, அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இருபதாவது படியில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எண்ணாதேங்கோ என்று சொன்னான்.